பட்டா ஒன்று, அடுப்பு மூன்று!

களத்துமேடு: கேள்வி-பதில் பகுதி

இந்த முறை வந்த கடிதக் கட்டைப் பிரித்தபோது, மக்காச்சோளப் படைப்புழு பற்றி மூன்று, தென்னையில் காண்டாமிருக வண்டு பற்றி ஒன்று, மாவுப்பூச்சி பற்றி இரண்டு. மீதி எல்லாம் வீட்டைப் பற்றிய கடிதங்கள். ‘பயிருக்கு என்ன மருந்து?’ என்று தொடங்கி, கடைசிப் பத்தியில் ‘இன்னொரு விஷயம் ஐயா...’ என்று பங்காளி வழக்கில் முடிகிற கடிதங்களும் அதில் உண்டு. அதனால் இந்த இதழில் பூச்சிகளுக்கு விடுமுறை. வீட்டுக் கேள்விகளை எடுத்துக்கொள்வோம்.

நம் தாத்தா காலத்தில் ‘குடும்பம்’ என்றால் ஒரே அடுப்பு, ஒரே களம், ஒரே பெரியவர். இன்று ஊருக்குள் ஒரு தெருவை மட்டும் நடந்து பாருங்கள். ஒரு வீட்டில் கணவரை இழந்த பெண்ணும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும். அடுத்த வீட்டில் எழுபது தாண்டிய இருவர் மட்டும். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும். அதற்கடுத்து, கல்யாணம் ஆகாத அண்ணன் தம்பி. எதிர்வீட்டில், பேரனை வளர்க்கும் பாட்டி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் சராசரியாக ஒரு வீட்டுக்கு நான்கு பேர்கூட இல்லை.

நிலமும் அதேபோலச் சுருங்கிவிட்டது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒருவரின் சராசரி நிலப்பரப்பு 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. அதே கணக்கெடுப்பில், நாடு முழுக்க நில உடைமைதாரராகப் பதிவானவர்களில் பெண்கள் சுமார் 14 சதவிகிதம்தான். களை எடுப்பதும் நாற்று நடுவதும் யார் என்று நமக்குத் தெரியும், பட்டாவுக்குத் தெரியவில்லை.

குடும்பம் மாறிவிட்டது. அதைத் தவறென்றோ சரியென்றோ நான் சொல்ல வரவில்லை. காகிதம் மட்டும் தாத்தா காலத்திலேயே நிற்கிறது. இடி விழுவது அந்த இடைவெளியில்தான்.

“மாமனார் பெயரிலேயே பட்டா இருக்கிறது. நான் பயிர்க் காப்பீடு செய்ய முடியுமா?”

*“என் மாமனார் சொந்தமாக வாங்கிய நிலம் 3 ஏக்கர். அவர் 2014-ல் இறந்தார். என் கணவர் 2021-ல் இறந்தார். கணவர் பார்த்துவந்த ஒரு ஏக்கரில் நான்தான் நெல் சாகுபடி செய்கிறேன். மாமியார், கொழுந்தனார், நாத்தனார் இருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள். சங்கத்தில் கடன் கேட்டால் ‘உங்கள் பெயரில் என்ன இருக்கிறது?’ என்கிறார்கள்.”*
– வாசகி, மணப்பாறை

அம்மா, உங்கள் பெயரில் இருப்பது என்ன என்று முதலில் கணக்குப் போட்டுவிடுவோம். மாமனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் சொந்தமாக வாங்கிய 300 சென்ட் நான்கு சம பங்காகும்: மாமியார், உங்கள் கணவர், கொழுந்தனார், நாத்தனார். ஆளுக்கு 75 சென்ட். உங்கள் கணவரின் 75 சென்ட், அவர் இறந்தபின் மறுபடி நான்காகும்: நீங்கள், இரண்டு பிள்ளைகள், அவருடைய தாயார். ஆளுக்கு 18.75 சென்ட். ஆக, நீங்களும் பிள்ளைகளும் சேர்ந்து 56.25 சென்ட்டுக்கு உரிமைக்காரர்கள். மாமியாருக்கு 93.75 சென்ட்.

‘ஒரு ஏக்கர் என்று நினைத்தேனே’ என்று நீங்கள் அதிர்ந்துபோகலாம். ஆனால், இந்தக் கணக்கில் உங்களுக்கு ஒரு பலமும் இருக்கிறது. ‘நீ வந்தவள்தானே’ என்று இனி யாரும் சொல்ல முடியாது. உங்கள் பங்கை யாரும் தயவாகத் தரவில்லை. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தருகிறது.

செய்ய வேண்டியது இது. மாமனாருக்கும் கணவருக்கும் தனித்தனியே இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்குங்கள். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், வட்டாட்சியர் தருவார். அவற்றை வைத்து, வாரிசுகள் அனைவர் பெயரிலும் கூட்டுப் பட்டா கேளுங்கள். வாரிசு வழியில் பெயர் சேர்க்கப் பத்திரம் தேவையில்லை. கூட்டுப் பட்டா வந்தபிறகு எல்லோரும் ஒத்துக்கொண்டால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, நில அளவர் அளந்து, உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கலாம். மாமியார் விரும்பினால் தன் பங்கை உங்களுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ எழுதித் தரலாம். அது அவர் விருப்பம், கட்டாயப்படுத்தாதீர்கள்.

பிள்ளைகளுக்கு 18 வயது ஆகவில்லை என்றால், அவர்கள் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. இதையும் நினைவில் வையுங்கள்.

காப்பீட்டுக்கு வருவோம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நில உடைமைதாரர் மட்டுமல்ல, குத்தகைதாரரும் வாரத்துக்குப் பயிர் செய்பவரும் சேரலாம். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் சாகுபடி செய்பவர் யார் என்பதுதான் முக்கியம். அதனால் பட்டா வேலை முடியும் வரை காத்திருக்காமல், இந்தப் போகத்துக்கே அடங்கலில் உங்கள் பெயரைப் பதியச் சொல்லுங்கள். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம்தான் உங்கள் பங்கு பிரீமியம். கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

“சின்னவனுக்கு எழுதி வைத்துவிடலாமா?”

*“எனக்கு 74 வயது. மனைவிக்கு 69. இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. மூத்தவன் வெளிநாட்டில். சின்னவன் கோவையில் வேலை. ‘தோப்பை எனக்கு எழுதிக் கொடுங்கள், உங்களை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறான். நல்ல பையன்தான். ஆனாலும் மனசு தயங்குகிறது.”*
– வாசகர், பொள்ளாச்சி

ஐயா, தயக்கம் நல்லது. மகன்மேல் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. நாளைக்கு அவருக்கே வேலை போகலாம், கடன் வரலாம், அவர் வீட்டு நிலைமை மாறலாம். அதற்கும் சேர்த்துத்தான் பத்திரம் எழுத வேண்டும்.

‘எழுதி வைப்பது’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று உயில். நீங்கள் இருக்கும் வரை தோப்பு உங்களுடையது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். இன்னொன்று செட்டில்மென்ட் என்கிற தானசெட்டில்மென்ட் பத்திரம். பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும். பிறகு மனம் மாறி, சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்கள் மட்டும் போய் ரத்து செய்துவிட முடியாது.

உங்களுக்கு என் யோசனை உயில்தான். இல்லை, இப்போதே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், பத்திரத்திலேயே நிபந்தனையை எழுதுங்கள். ‘எங்கள் இருவருக்கும் ஆயுள் வரை உணவு, இருப்பிடம், மருத்துவம் தர வேண்டும்’ என்று வெளிப்படையாக இருக்கட்டும். வீட்டில் குடியிருக்கவும் தோப்பு வருமானத்தை அனுபவிக்கவும் வாழ்நாள் உரிமையை வைத்துக்கொள்ளுங்கள். மனைவி பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். தன் ஆயுளுக்கு மட்டும் எழுதிவிட்டு, தனக்குப்பின் இருக்கப்போகும் மனைவியை மறந்துவிடுகிறார்கள்.

நிபந்தனையை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு அதைத்தான் கேட்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லலாம். கோட்டாட்சியர் தலைமையில் உள்ள தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால் போதும். அந்த நிபந்தனை இருந்ததா என்பதையே 2022-ல் உச்ச நீதிமன்றம் முக்கியமாகப் பார்த்தது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, இந்தச் சட்டத்தைப் பெரியவர்களுக்கு அனுகூலமாகத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றது. இருந்தாலும், ஒரு வரி எழுதி முடிகிற வேலைக்கு உச்ச நீதிமன்றம் வரை போவானேன்?

இன்னொன்று. வெளிநாட்டில் இருக்கும் மூத்தவரிடமும் இப்போதே பேசிவிடுங்கள். பின்னால் கோர்ட்டுக்கு வரும் சண்டைகளில் பாதி, ‘எனக்குச் சொல்லவே இல்லை’ என்பதில்தான் தொடங்குகிறது.

“அக்கா மகனுக்கு எங்கள் நிலம் போகுமா?”

*“எனக்கு 47 வயது, தம்பிக்கு 43. விவசாயம் பார்க்கிற மாப்பிள்ளை என்றதும் பெண் கொடுக்க யோசித்தார்கள். இருவருக்கும் கல்யாணம் அமையவில்லை. அப்பா இல்லை. அம்மா எங்களோடு இருக்கிறார். 2019 பாகப்பிரிவினையில் ஆளுக்கு 2 ஏக்கர் வந்தது. மூத்த அக்கா இறந்தபின் அவர் மகன் எட்டு வயதிலிருந்து எங்களிடம்தான் வளர்கிறான். இப்போது 19. மாடு கறப்பதும் அவன், டிராக்டர் ஓட்டுவதும் அவன். எங்களுக்குப் பிறகு நிலம் அவனுக்குத் தானாகப் போய்விடும் அல்லவா? இன்னொரு அக்கா வெளியூரில் இருக்கிறார்.”*
– வாசகர், காங்கேயம்

தானாகப் போகாது, தம்பி. உங்கள் வீட்டில் அவன் பிள்ளை. சட்டத்தில் அவன் உங்கள் பிள்ளை இல்லை. எடுத்து வளர்ப்பது வேறு, தத்து எடுப்பது வேறு. இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பொதுவாக 15 வயதுக்குள் முறையாகத் தத்து கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். அந்த வயது தாண்டிவிட்டது.

கல்யாணம் ஆகாத நீங்கள் உயில் எழுதாமல் இறந்தால், உங்கள் 2 ஏக்கர் முழுவதும் அம்மாவுக்குப் போகும். அப்போது அம்மாவும் இல்லையென்றால், உயிரோடு இருக்கும் உடன்பிறந்தவர்களுக்குச் சமமாகப் போகும். அதாவது தம்பிக்குப் பாதி, வெளியூர் அக்காவுக்குப் பாதி. பக்கத்திலேயே இருந்து பார்த்தவன் பெயர் அந்த வரிசையில் வராது. அக்கா நல்லவராக இருக்கலாம். ஆனால் அந்தப் பையனின் எதிர்காலம் இன்னொருவரின் நல்ல மனசை நம்பி நிற்கக் கூடாது.

தீர்வு எளிது. நீங்களும் தம்பியும் தனித்தனியாக உயில் எழுதுங்கள். ‘எனக்குப் பிறகு அம்மா ஆயுள் வரை அனுபவிக்கட்டும், பிறகு தம்பி, அவனுக்கும் பிறகு அக்கா மகன்’ என்று வரிசையாக எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் உங்கள் கையெழுத்தைப் பார்த்து, அவர்களும் கையெழுத்திட வேண்டும். பலன் பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுங்கள், பின்னால் ‘இது பொய்க் கையெழுத்து’ என்ற பேச்சு வராது.

பாங்கியில் அவனை நாமினியாகப் போட்டிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கிவைப்பவர் மட்டுமே. உரிமைக்காரர் ஆகிவிட மாட்டார். உயிலில் அந்தப் பணத்தையும் குறிப்பிடுங்கள்.

“சீர் செய்து அனுப்பியபின் பங்கு கேட்பது நியாயமா?”

*“பரம்பரை நிலம் 6 ஏக்கர். அப்பா 2003-ல் இறந்தார், அம்மாவும் இல்லை. அக்காவுக்கு 1987-ல், தங்கைக்கு 1994-ல் கல்யாணம். நான்தான் ஊரில் இருந்து இரண்டு போர் போட்டு, சொட்டுநீர் போட்டு நிலத்தைக் காப்பாற்றினேன். இதுவரை பாகம் பிரிக்கவில்லை. இப்போது இருவரும் பங்கு கேட்கிறார்கள்.”*
– வாசகர், ஒட்டன்சத்திரம்

முதலில் சட்டம். தமிழகத்தில் 25.3.1989 முதல் பெண்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை வந்தது. ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. உங்கள் அக்கா அந்த வேலிக்கு வெளியே நின்றார். 9.9.2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம் அந்த வேலியை எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 11.8.2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 20.12.2004-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினையோ விற்பனையோ இருந்தால்தான் அதைத் தொட முடியாது. உங்கள் வீட்டில் அது இல்லை. ஆக, மூவருக்கும் ஆளுக்கு 2 ஏக்கர். சீர் வரிசையைப் பங்கில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை.

இனி நியாயம். நீங்கள் போட்ட போருக்கும் பட்ட பாட்டுக்கும் மதிப்பு உண்டு. அதைச் சகோதரிகளிடம் கணக்காக எடுத்து வையுங்கள். கோபமாக எடுத்து வைக்காதீர்கள். போர் செலவு இவ்வளவு, சொட்டுநீர் இவ்வளவு என்று எழுதிக் காட்டுங்கள். அவர்கள் பங்கை அவர்கள் பெயரிலேயே விட்டு, நீங்கள் குத்தகைக்குப் பார்க்கலாம். தொகை கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்கலாம். அல்லது பாதியை எழுதி வாங்கி, மீதியை அவர்களிடமே விடலாம். எதுவானாலும் பதிந்துவிடுங்கள், வாய்ப்பேச்சு உங்களோடு போய்விடும், பிள்ளைகளுக்கு வழக்குதான் மிஞ்சும்.

பிரிக்கும்போது நிலத்தை மட்டும் பிரித்தால் போதாது. போரில் யாருக்கு எத்தனை பங்கு, மின் இணைப்பு யார் பெயரில், பைப்லைன் யார் நிலத்தின் வழியாகப் போகிறது, வண்டித்தடம் எத்தனை அடி என்று பத்திரத்தில் எழுதுங்கள். 2 ஏக்கர் கிடைத்தும் தடம் கிடைக்காமல் நிலத்தைத் தரிசாகப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

(மேலே சொன்ன பங்குக் கணக்குகள் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியானவை. கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமும், இஸ்லாமியர்களுக்கு ஷரியத் முறையும் பொருந்தும். பட்டா, அடங்கல் பற்றிய யோசனைகளை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்.)

கடைசியாக ஒரு கேள்வி, என் வீட்டிலிருந்து

ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற நான், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். என் அத்தை கதையை இதுவரை எழுதியதில்லை.

கணவர் விட்டுப்போனபின் அத்தை பிறந்த ஊருக்கே வந்துவிட்டார். தனி ஆள். தாத்தாவின் ஒன்றரை ஏக்கரை முப்பது வருஷத்துக்கு மேல் அவர்தான் பார்த்தார். வரப்பு கழிப்பதிலிருந்து நெல் தூற்றுவது வரை. நாங்கள் பொங்கலுக்குப் போவோம். அரிசி மூட்டையோடு திரும்புவோம். ‘அத்தை நிலம்’ என்றுதான் எல்லோரும் சொல்வோம். பட்டா மட்டும் தாத்தா பெயரில் இருந்தது. அவர் இறந்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்கள். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். அத்தையின் பயிர் கதிர் வருவதற்குள் கருகிப்போயிருந்தது. அவருக்கு வர வேண்டியது எட்டாயிரம் ரூபாய் சொச்சம். பட்டாவில் இருந்தவர் உயிரோடு இல்லை. உயிரோடு இருந்தவர் பட்டாவில் இல்லை. ஒரு ரூபாய்கூட வரவில்லை. அந்த வருஷம் அவர் இரண்டு ஆடுகளை விற்றுத்தான் ஓட்டினார். எங்களிடம் சொல்லவும் இல்லை.

அலுவலகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பட்டாவில் பெயர் மாற்றக் கையெழுத்துப் போட வேண்டிய வாரிசுகளில் நானும் ஒருவன். பக்கத்து ஊர் விவசாயிகளுக்கு நான் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை.

2019-ல் நாங்கள் வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து, எங்கள் பங்கை அத்தை பெயருக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுத்தோம். பட்டா வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. “இதுல என் பேரு எங்க இருக்கு, காட்டு” என்றார். காட்டினேன். விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காகிதத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். “ரெண்டு வருஷம் முன்னாடி செஞ்சிருக்கலாம்ல” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

எனவே இந்த இரண்டு வாரத்தில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். பட்டாவை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். அதில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா? நிலத்தில் உழைப்பவர் பெயர் அதில் இருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும், அடுத்த ஜமாபந்தி வரை காத்திருக்காமல் இ-சேவை மையத்துக்குக் கிளம்புங்கள். போகும்போது, வீட்டில் உங்களுக்காக உழைத்துக்கொண்டு எதையும் கேட்காமல் இருப்பவர் யார் என்று ஒருமுறை யோசித்துவிட்டுப் போங்கள்.

அடுத்த இதழில் படைப்புழுவுக்கு வருவோம்.